மூன்றாம் ரவுண்டில் எறிந்த துண்டு

1

ஊரில் இருக்கிற எல்லாருக்கும் ஈப்போவில் இருந்து பெரியநாயகி எழுதுவது. நீங்கள் எல்லாரும் சுகமாக இருக்கிறீர்கள் என்று தம்பி மகள் கயல் போனில் சொன்னாள். அதை நம்பி மேலே எழுதுகிறேன்.

நான் கப்பலேறி வந்து இந்த மாதத்தோடு ஐம்பத்து நான்கு வருஷம் ஆகிறது. கழுத்தில் புதுத் தாலி, கையில் ஒரு தகரப் பெட்டி. நாகப்பட்டினத்தில் ஏறியவள் பினாங்கில் இறங்கும்போது பாதி எடை குறைந்திருந்தேன். "அதையெல்லாம் எழுதுங்க அத்தை, ஊர்ல படிக்கட்டும்" என்றாள் கயல். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஒரு பக்கம் எழுத ஒரு நாள் ஆகும். ஆனால் முடியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

மலேசியா என்றால் பெரிய கட்டடங்களைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்ப்பீர்கள். அதைப் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். போன மாதம் இங்கே டிவியில் பார்த்த ஒரு குத்துச்சண்டை சேம்பியன் தோற்றுப்போனான். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். எழுபத்து நான்கு வயதுப் பொம்பளைக்குக் குத்துச்சண்டை எதற்கு என்று கேட்பவர்கள் கடைசி வரை படித்துவிட்டுக் கேளுங்கள்.

2

குனோங் ராபாட்டில் சுண்ணாம்பு மலைக்குக் கீழே ஒரு வரிசை வீட்டில் இருக்கிறேன். தெருமுனையில் காதர் பாயின் சாப்பாட்டுக்கடை. அந்தக் கடை வாசலில் ஒரு மேசை போட்டு, காலையில் இடியாப்பம் விற்கிறேன். தேங்காய்ப்பூவும் பழுப்புச் சர்க்கரையும் தொட்டுக்கொள்ள. நான் வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தைப் பாதை போடவும் வீடு கட்டவும் விற்றபோது வேலை போய் வந்தவளுக்கு, வாடகை என்ற சொல்லையே எடுக்காமல் இடம் கொடுத்தவர் காதர் பாய். அவர் வேறு மதம், நான் வேறு மதம். நோன்பு மாதத்தில் அவர் கடை மூடினால் என் மேசைக்கு மட்டும் கூரையின் கீழே விளக்கு எரியும்.

பெரிய சண்டை எல்லாம் அமெரிக்காவில் சனிக்கிழமை ராத்திரி நடக்கும். நமக்கு அது ஞாயிறு காலை பதினொரு மணி. காதர் பாய் கடையில் பெரிய டிவி உண்டு. அன்றைக்கு நாற்காலி கிடைக்காது.

சேம்பியன் பெயர் என் வாயில் நுழையாது. ஹெவிவெயிட், மலை மாதிரி ஆள். ஐந்து வருஷமாக யாரிடமும் தோற்றதில்லை. மணிக்கு அவன் என்றால் உயிர். மணி ஜெலாப்பாங்கில் தொழிற்சாலை வேலை பார்ப்பவன், நாற்பது வயது, வாய் ஓயாது. சேம்பியனின் படத்தைக் கடைக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்ததும் அவன்தான்.

"அக்கா, இன்னிக்கு அஞ்சு ரவுண்டு தாண்டாதுலா. சேம்பியன் சீக்கிரம் வீட்டுக்குப் போயிடுவான்" என்றான். இங்கே பேச்சின் வாலில் இப்படி ஒரு "லா" ஒட்டிக்கொள்ளும்.

மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கும் குணா பக்கத்து மேசையில் இருந்து, "போன தடவையும் இதான் சொன்ன. பன்னண்டு ரவுண்டு போச்சு. அரிசி வாங்கப் போன ஆளைக் காணோம்னு என் பொண்டாட்டி இங்கேயே தேடி வந்துட்டா" என்றான்.

நான்காம் ரவுண்டில் சேம்பியன் ஒரு தடவை விழுந்தான். ஏழாவதில் இன்னொரு தடவை. இரண்டு தடவையும் எழுந்தான். ஒன்பதாவது ரவுண்டில் கயிற்றில் சாய்ந்து, கையை மேலே தூக்கி முகத்தை மறைத்து நின்றுகொண்டிருந்தான். அப்போது அவனுடைய மூலையில் இருந்து ஒரு வெள்ளைத் துண்டு பறந்து வந்து நடுவில் விழுந்தது. மூலையில் நிற்கும் பயிற்சியாளர் துண்டை எறிந்தால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். சண்டையை நிறுத்திவிட்டார்கள்.

ரொட்டி வீசிக்கொண்டிருந்த ஆள் கையிலேயே மாவை வைத்துக்கொண்டு நின்றான். மணி தலையில் இரண்டு கையையும் வைத்தான்.

"யாருடா எறிஞ்சது? அவன் நின்னுக்கிட்டுத்தானே இருக்கான்."

இதே வார்த்தையை இருபத்தாறு வருஷத்துக்கு முன் நான் ஒரு மண்டபத்தில் கத்தியிருக்கிறேன்.

திரும்பிப் பார்த்தேன். மாதா கோயில் பூசை முடிந்து வந்த எங்கள் பழைய தோட்டத்து ராயப்பன் அண்ணன், கடைசி மேசையில் தன் கறுப்புக் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்க்கொண்டிருந்தார்.

3

அந்த வாரம் முழுக்க கடையில் ஒரே பஞ்சாயத்து. ஒரு சேம்பியன் தோற்றால் ரசிகர்கள் எப்படித் தீர்ப்புச் சொல்வார்கள் என்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. இத்தனை வருஷம் பார்த்ததில் எனக்கு அது மனப்பாடம்.

திங்கட்கிழமை மூலையில் நின்றவனுக்குத் திட்டு. துண்டை எறிந்தவன் துரோகி, எதிராளியிடம் ஏதோ வாங்கிவிட்டான். செவ்வாய்க்கிழமை கோபம் சேம்பியன் பக்கம் திரும்பும். உடம்பு வைத்துவிட்டான், வீட்டுக்காரியோடு சண்டை, பயிற்சியே செய்யவில்லை. இதுவரைக்கும் பரவாயில்லை. அன்பு இருக்கிறவன்தான் காரணம் தேடுவான்.

புதன்கிழமைதான் மோசம். அன்றைக்குப் பழைய கணக்கைக் கிளறுவார்கள்.

"அவன் இதுவரைக்கும் அடிச்சவன்லாம் யாரு?" என்றான் மணி. "ஒருத்தன் கிழவன். ஒருத்தன் குடிகாரன். இன்னொருத்தன் அடி விழுறதுக்கு முன்னாடியே படுக்கிறவன்."

குணா விடவில்லை. "போன மாசம் உன் மகனுக்கு அவன் பேரை வைக்கணும்னு நின்ன."

"வைக்கலைலா. என் பொண்டாட்டி விடல. எங்க வீட்டுல அவளுக்குத்தான் மூளை."

மணி எழுந்து போய் குளிர்ப்பெட்டியில் இருந்த படத்தை நகத்தால் சுரண்டினான். ஒரு மூலை கிழிந்து வந்தது. காதர் பாய் கல்லாவில் இருந்தே, "தம்பி, விடு. ஒட்டினப்போ கேட்டியா? இப்ப உரிச்சா பெயிண்டும் சேர்ந்து வரும்" என்றார். படம் ஒரு காது இல்லாமல் அங்கேயே நின்றது.

நான் மணியிடம் கேட்டேன். "ஏன்டா, போன வருஷம் அவன் ஜெயிச்சப்போ என் மேசையைச் சுத்தி ஆடினியே. அந்த ஆட்டம் நடந்ததா இல்லையா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "நடந்துச்சுக்கா. ஆனா இப்பப் பாத்தா அது ஒண்ணும் பெரிய சண்டை இல்ல."

இதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவன் தோற்றது ஒரு நாள். ஆனால் இவர்கள் அவன் ஜெயித்த நாட்களையும் சேர்த்துப் பிடுங்கிக்கொள்கிறார்கள்.

வீட்டுக்குப் போய் முகம் கழுவினேன். பிறகு கட்டிலின் கீழே குனிந்து பார்த்தேன். அங்கே ஒரு கோணிப்பை இருபத்தாறு வருஷமாகக் கிடக்கிறது. அதற்குள் என் மகன் வாங்கிய ஒன்பது கோப்பைகள். அவற்றைச் சுவரில் இருந்து இறக்கிப் பையில் போட்டவள் நான்தான்.

4

நாங்கள் முதலில் இருந்தது லகாட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். நானும் என் வீட்டுக்காரரும் விடியுமுன் பெயர் கொடுத்துவிட்டுப் பால்மரம் வெட்டப் போவோம், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. அவருக்குக் குத்துச்சண்டைப் பைத்தியம். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வீட்டில் மட்டும்தான் அப்போது டிவி. ஹெவிவெயிட் சண்டை என்றால் ஆம்பிளைகள் சன்னலுக்கு வெளியே நின்று பார்ப்பார்கள். நானும் நிற்பேன். ஒரே பொம்பளை. யாரும் ஒன்றும் சொன்னதில்லை. சொன்னால் திருப்பிச் சொல்வேன் என்று தெரியும்.

ராயப்பன் அண்ணன் என் வீட்டுக்காரருடைய சிநேகிதர். தோட்டத்து லாரியில் வேலை. இளம் வயதில் கொஞ்சம் சண்டை போட்டவர். ரப்பர் ஷீட்டைப் புகை போட்டுக் காய வைக்கும் பழைய கொட்டகையில் பிள்ளைகளுக்குப் பழக்கிக் கொடுத்தார். குத்திப் பழகப் பை வாங்க வழியில்லை. கோணிப்பையில், மரத்தில் உறைந்து காய்ந்த ஒட்டுப்பாலை அடைத்துத் தொங்கவிட்டார். அந்த நாற்றம் இருக்கிறதே, ஊரில் உங்களுக்கு எப்படிச் சொல்வது. செத்த எலியைப் புளிக்க வைத்தால் வரும் நாற்றம். அதில்தான் என் மகன் சுகுமாரன் தினமும் குத்தினான். அவன் வீட்டுக்கு வருவது தெருக்கோடியிலேயே மூக்குக்குத் தெரியும்.

அவனுக்குப் பதினைந்து வயதில் அவன் அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அதற்குப் பிறகு அவனுக்குப் பாதி அப்பா ராயப்பன் அண்ணன்தான். ஒவ்வொரு சண்டைக்கும் மூலையில் அவர் நிற்பார். கீழே நாற்காலியில் நான். ஒன்பது கோப்பை வந்தது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எல்லாரும் என்னைச் சுகு அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் போனது. மறைக்க என்ன இருக்கிறது.

மாநில அளவில் கடைசிச் சண்டை ஈப்போவில் ஒரு மண்டபத்தில் நடந்தது. ஜெயித்தால் நாட்டுக்காக ஆடக் கூப்பிடுவார்கள் என்றார்கள். தோட்டத்தில் இருந்து ஒரு லாரி ஆட்கள் வந்தோம். நான் ஒரு புது வெள்ளைத் துண்டு வாங்கி, அலசி, இஸ்திரி போட்டு, ராயப்பன் அண்ணன் கையில் கொடுத்தேன். "இன்னிக்கு இதுலதான் அவன் முகத்தைத் துடைக்கணும்" என்றேன்.

மூன்றே ரவுண்டு. முதல் இரண்டில் சுகு முன்னால் இருந்தான். மூன்றாவதில் சில அடி வாங்கினான். ஆனால் விழவில்லை. ஒரு தடவை குனிந்து முழங்காலைத் தொட்டான், பிறகு கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். அப்போது நான் இஸ்திரி போட்ட துண்டு பறந்து வந்து விழுந்தது.

எழுந்து நின்று கத்தினேன். ஒரு மண்டபம் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். லாரியில் வந்தவர்கள் திரும்பும்போது பாடவில்லை. பயந்துட்டான் என்று ஒருவன் சொன்னான். விற்றுவிட்டார் ராயப்பன் என்று இன்னொருவன் சொன்னான். நான் இரண்டாவதை நம்பினேன். முதலாவதை நம்புவதைவிட இது எனக்குச் சுலபமாக இருந்தது.

ஒரு வாரம் கழித்து ராயப்பன் அண்ணன் அந்தத் துண்டைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். நான் வாங்கி, அவர் கண் முன்னாலேயே தண்ணீரில் நனைத்து வாசல்படியைத் துடைத்தேன். அவர் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு சொல் சொல்லவில்லை. அன்றைக்கே கோப்பைகளையும் இறக்கினேன். சுகு கதவோரமாக நின்று பார்த்தான்.

மூன்று மாதத்தில் சுகு சிங்கப்பூர் போனான். பிறகு ஆஸ்திரேலியாவில் பெர்த். அங்கே சுரங்கத்தில் பெரிய கிரேன் ஓட்டுகிறான். அவன் பிள்ளைகள் இரண்டும் என்னிடம் போனில் "ஹலோ பாட்டி, பை பாட்டி" என்பார்கள். அதற்கு நடுவில் உள்ள தமிழ் அவர்களுக்கு இல்லை. பரவாயில்லை. இரண்டு சொல்லையும் அழகாகச் சொல்கிறார்கள்.

ராயப்பன் அண்ணன் லகாட்டிலேயே இருந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து காதர் பாய் கடைக்கு வருவார். ஆரம்பத்தில் ஒரு தடவை என் மேசைக்கு வந்து இடியாப்பம் கேட்டார். கூடை நிறைய இருந்தது. "முடிஞ்சிடுச்சு" என்றேன். அதற்குப் பிறகு கேட்டதே இல்லை.

5

தோற்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இங்கே குடியுரிமை இல்லாதவர்களுக்குச் சிவப்பு அடையாள அட்டை. குடிமக்களுக்கான நீல அட்டை வேண்டும் என்றால் அலுவலகத்தில் மலாயில் கேள்வி கேட்பார்கள். சந்தையில், இங்கே பாசார் என்பார்கள், மீன்காரரோடு அரை மணி நேரம் மலாயில் பேரம் பேசுவேன். அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்ததும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். முதல் தடவை எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்கள். என் வயதைச் சொன்னேன். அந்த அதிகாரி அம்மா சிரிக்காமல், "பரவாயில்லை, படித்துவிட்டு மறுபடி வாங்க" என்று அனுப்பினார். இரண்டாம் தடவையும் அப்படித்தான்.

தோற்றுத் திரும்பிய இரண்டு தடவையும் கடையில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. "அடுத்த ரவுண்டு இருக்குலா அக்கா" என்று காதர் பாய் நுரை பொங்க ஆற்றிய டீ ஒன்று, தே தாரிக், போட்டுக் கொடுத்தார். மணி தினமும் வந்து உட்கார்ந்து மலாயில் கேள்வி கேட்டுப் பழக்கினான். அறுபத்திரண்டு வயதில் நீல அட்டை வாங்கினேன். அன்றைக்குக் கடையில் கை தட்டினார்கள். கடைசி மேசையில் இருந்தும் தட்டினார்கள். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

எனக்கு இத்தனை பேர் இத்தனை ரவுண்டு கொடுத்தார்கள். என் பிள்ளைக்கு நான் கொடுத்தது ஒரு கோணிப்பை.

6

அடுத்த ஞாயிறு பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை. சேம்பியனே துண்டை எறியச் சொன்னானா, மூலைக்காரன் தானாக எறிந்தானா என்பதில் வந்து நின்றது.

"மூலையில நின்ன ஆளையே கேளுங்கடா" என்று குணா ராயப்பன் அண்ணனைக் கூப்பிட்டான். "அண்ணே, நீங்க சொல்லுங்க. கேட்டுட்டு எறிவாங்களா, கேக்காம எறிவாங்களா?"

அவர் காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார். "அதை வெளிய சொல்லக்கூடாதுலா."

"ஏன் சொல்லக்கூடாது? சேம்பியன்தான் எறியச் சொன்னான்னா அவன் கோழை. இவனா எறிஞ்சான்னா இவன் துரோகி. யாருன்னு தெரியணும்ல" என்றான் மணி.

"அதுக்குத்தான் சொல்லக்கூடாது. எறிஞ்சவன் பேரு கெட்டா கெடட்டும். நாளைக்கு எழுந்து நடமாட வேண்டியது அடி வாங்கினவன். அவன் பேரு நிக்கணும். மூலையில பேசினது மூலையோட போச்சு."

"அதுக்காக உங்களைத் துரோகின்னு சொன்னா கேட்டுக்கிட்டு இருப்பீங்களா?" என்றான் மணி.

"இருந்தா என்ன? காப்பி கசக்குதா?" என்று சிரித்தார்.

அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை. தேங்காய் துருவிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. வாசல்படியில் அந்தத் துண்டை நான் தேய்த்தபோது வாயை மூடிக்கொண்டு நின்ற மனிதர் கண்ணுக்குள் வந்தார்.

அன்று சாயங்காலம் சுகு போன் பண்ணினான். ஞாயிறு சாயங்காலம் தவறாமல் பேசுவான். சாப்பிட்டீங்களா, மருந்து இருக்கா, மழையா. வழக்கமான கேள்வி முடியும்வரை பொறுத்தேன்.

"சுகு, அன்னிக்குத் துண்டை எறியச் சொன்னது யாரு?"

போனில் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"இப்ப எதுக்கும்மா அது?"

"சொல்லுடா."

"நான்தாம்மா."

பிறகு மெதுவாகச் சொன்னான். இரண்டாம் ரவுண்டிலேயே இடது கண்ணுக்கு எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிந்ததாம். மூன்றாம் ரவுண்டு மணி அடிக்குமுன் மூலையில் உட்கார்ந்து, "அண்ணே, எனக்குக் கண்ணு தெரியல, நான் முழங்காலைத் தொட்டா எறிஞ்சிடுங்க" என்று சொன்னானாம். "அம்மாகிட்ட மட்டும் சொல்லாதீங்க. அப்பா இல்லாம வளத்தாங்க, பயந்தவன்னு அவங்க முன்னாடி நிக்க முடியாது" என்று கையைப் பிடித்துக் கெஞ்சினானாம். மறுநாள் அவர்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். இன்னும் ஒரு அடி பட்டிருந்தால் கண் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

"பிறகாவது சொல்லியிருக்கலாமேடா."

"நீங்க கோப்பையை இறக்கின அன்னிக்குச் சொல்ல வந்தேம்மா. உங்க முகத்தைப் பாத்தேன். வாய் வரல."

அவனே தொடர்ந்தான். "நான் இப்ப எவ்வளவு உசரத்துல உக்காந்து வேலை பாக்குறேன் தெரியுமா? அதுக்கு ரெண்டு கண்ணும் வேணும்மா. அண்ணனை நினைக்காம ஒரு நாளும் அந்த ஏணியில ஏறினதில்ல."

"கோப்பையெல்லாம் இன்னும் இருக்கு" என்றேன். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிந்தது.

"எனக்குத் தெரியும்மா. கட்டிலுக்குக் கீழ. போன தடவை வந்தப்போ பாத்தேன்" என்றான்.

7

மறுநாள் கோப்பைகளைப் புளி போட்டுத் துலக்கினேன். இரண்டு கோப்பையில் கறுப்பு போகவில்லை. அவற்றையும் சேர்த்து அலமாரியில் வைத்தேன். பக்கத்து வீட்டுப் பெண்ணை விட்டுப் படம் எடுத்து பெர்த்துக்கு அனுப்பினேன். சுகு ஒன்றும் எழுதவில்லை. அவன் சின்ன மகன் குரலில் ஒரு செய்தி வந்தது. "பாட்டி, அப்பா, சேம்பியன்." இந்த மூன்று சொல்லை எத்தனை தடவை போட்டுக் கேட்டேன் என்று கேட்காதீர்கள்.

ஆனால் இன்னொரு வேலை பாக்கி இருந்தது. மன்னிப்புக் கேட்டுப் பழகாதவள் நான். என் வீட்டுக்காரரிடம்கூடக் கேட்டதில்லை. அந்த வாரம் முழுக்க என்ன சொல்வது என்று யோசித்தேன். எதைச் சொன்னாலும் இருபத்தாறு வருஷத்துக்கு அது சின்னதாகத்தான் இருந்தது. கடைசியில் பாசாருக்குப் போய் ஒரு வெள்ளைத் துண்டு வாங்கினேன். அலசி, காயவைத்து, இஸ்திரி போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ராயப்பன் அண்ணன் வந்து கடைசி மேசையில் உட்கார்ந்தார். நான் ஒரு தட்டில் நான்கு இடியாப்பம், நிறையத் தேங்காய்ப்பூ, சர்க்கரை வைத்து எடுத்துக்கொண்டு போனேன். என் மேசையில் இருந்து அந்த மேசைக்குப் பன்னிரண்டு அடி இருக்கும். பினாங்கில் இறங்கிய கப்பல் பலகையைவிட அது எனக்கு நீளமாக இருந்தது. கடையில் எல்லாரும் பார்த்தார்கள். மணி வாயைத் திறந்தான். காதர் பாய் அவன் தோளில் கை வைத்து அழுத்தினார்.

தட்டை வைத்தேன். பக்கத்தில் துண்டை மடிப்புக் கலையாமல் வைத்தேன்.

"சுகு சொல்லிட்டான் அண்ணே" என்றேன். "பிள்ளைக்கு ரெண்டு கண்ணும் நல்லா இருக்கு."

அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். ஒரு இடியாப்பத்தைப் பிட்டு வாயில் போட்டார். மென்று முடிக்கும்வரை நான் நின்றேன். பிறகு துண்டைக் கையில் எடுத்து, விரித்து, திருப்பிப் பார்த்தார். அவர் கண் ஓரத்தில் ஈரம் இருந்தது. என் கண்ணும் அப்படித்தான் இருந்திருக்கும்.

"ஏம்மா," என்றார், "இது துடைக்கிறதுக்கா, எறியறதுக்கா?"

"ரெண்டுக்கும் வச்சுக்கங்க" என்றேன்.